நீரிழிவும் நம் நாட்டு ஆராய்ச்சியும்



நீரிழிவு என்றும் சலரோகம் என்றும் நாம் வழங்கும் நோய், உலகெங்கும் உளதாயினும் எல்லா மக்களிடத்தும் ஒரே வகையாய் வருவதன்று. 1921ஆம் ஆண்டிலே கனடாவின் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். மறு ஆண்டில் அது 14 வயதுச் சிறுவன் ஒருவனைச் சாவினின்றும் மீட்டது. அம்மருந்து உலகுக்குப் பொதுவானது. ஆயின், நோய் எவருக்கு வரும், அதனை எவ்வாறு தடுக்கலாம், எதனை எவ்வளவு உண்ணலாம் என்னும் வினாக்களுக்கு அவ்வம் மண்ணிலேயே விடை காணல் வேண்டும்.

உடல் நிறையைக் கிலோகிராமில் அளந்து, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தாற் பிரித்தால் வருவது உடற்றிணிவுச் சுட்டி. அது 25ஐ எட்டினாலே மிகைநிறை என்பது பொதுவிதி. தென்னாசியரோ அதற்கு முன்னரே வயிற்றிற் கொழுப்புச் சேர்ந்து நோய்வாய்ப்படுகின்றனர். ஆதலின், உலக சுகாதார தாபனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டில், ஆசிய மக்கள் 23இலேயே விழிப்படைதல் வேண்டும் என்றது. 165 சென்ரிமீற்றர் உயரமும் 65 கிலோகிராம் நிறையுமுடைய ஒருவர் பழைய விதிப்படி கவலையற்றவர். புதிய அளவின்படி எச்சரிக்கப்பட வேண்டியவர்.

தடுக்கும் வழியிலும் இவ்வேறுபாடு உண்டு. பின்லாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளில், உடல் நிறையைக் குறைத்தோர் பெரும்பயன் பெற்றனர். சென்னையில் நோயின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்த ஆய்வு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வழமையான அறிவுரை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுற்றனர். உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியோரில் 39 பேரே அந்நிலை அடைந்தனர். இவர்களின் நிறை குறையாமலே இப்பயன் விளைந்தது! சென்னையில் ஆராயாதிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வு, வளர்ந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் நீரிழிவு உளதெனக் கண்டது. அவருள் மூன்றிலொரு பங்கினர்க்கு மேற்பட்டோர் தம் நோயை அறியாதிருந்தனர். அந்த ஆய்வு ஏழு மாகாணங்களிலேயே நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. எண்ணப்படாத இடத்துக்கு எத்தனை மருத்துவர், எத்தனை மருந்து வேண்டுமென எவர் கணிப்பார்? பின்னர் 2018, 2019இல் நடந்த நாடளாவிய ஆய்வு, நூற்றுக்கு 23 பேர் நோயுற்றோர் எனக் காட்டிற்று.

உணவின் செய்தியும் அத்தகையதே. பாணையும் உருளைக்கிழங்கையும் கணக்கிட்ட பட்டியல், ஒரு நீற்றுப்பெட்டிப் பிட்டுக்கு அளவு சொல்லாது. குரக்கன் நல்லதென்று கேட்டு வயிறார உண்போர் பலர், அதுவும் மாப்பொருளேயன்றோ! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் நம் உணவுகள் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகின்றன என அளந்து வருவது இதனாலேயே பெருமதிப்புடைத்து.

நேயர்களே, ஆராய்ச்சி கூடத்தில் மட்டும் நிகழ்வதன்று. கணக்கெடுப்போர் நும் படலைக்கு வருவாராயின், ஒரு துளி இரத்தம் கொடுக்கத் தயங்காதீர். அத்துளி நும் நோயை உமக்கு அறிவிக்கும். நும் ஊரை வைத்தியத்துறைக்கு அறிவிக்கும்.