சின்னத்தில் நின்றுபோன கைத்தொலைபேசி

தோட்டத்து வீடுகளில் அப்பா வாங்கிய கைத்தொலைபேசி, சில ஆண்டுகளில் அம்மாவிடம் வரும். அதன் பின் பிள்ளைகளிடம் போகும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, அப்படிக் கைமாறிய தொலைபேசிகளில்தான் பிள்ளைகள் பலர் பாடம் படித்தார்கள். அத்தகைய தொலைபேசி ஒரு நாள் நிறுவனத்தின் பெயரை மட்டும் காட்டிவிட்டு, அதற்கு மேல் நகராமல் நின்றுவிடுகிறது. அணைத்துத் திறந்தாலும் அதே பெயர்தான். "செத்துப் போய்விட்டது" என்று அலமாரியில் போட்டுவிடுகிறோம். பல வேளைகளில் அது சாகவில்லை என்பதைத்தான் இன்றைய பேச்சில் விளக்கப் போகிறேன்.

தொலைபேசிக்கு உடல் ஒன்று உண்டு. அந்த உடலை நடத்தும் கட்டளைத் தொகுப்பு ஒன்று உண்டு. இத்தொகுப்பை ஃபர்ம்வேர் என்கிறார்கள். தொலைபேசியின் நினைவகம் அறை அறையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓர் அறையில் கட்டளைகள். மற்றோர் அறையில் உங்கள் படங்களும் செய்திகளும். புதுப்பிப்பு நடக்கும்போது மின்கலம் தீர்ந்துபோனால், கட்டளை அறை கெட்டுப்போகலாம். அந்த அறையைக் கணினியின் உதவியால் மறுபடியும் எழுதிவிட முடியும்.

உதாரணமாக, 2016-இல் வெளிவந்த சாம்சங் கேலக்சி ஜே2 பிரைம் தொலைபேசியை எடுத்துக்கொள்வோம். முதலில் எளிய வைத்தியம். பின்மூடியைத் திறந்து, மின்கலத்தைக் கழற்றி, சற்று நேரம் கழித்து மாட்டிப் பாருங்கள். பயனில்லையென்றால், ஒலியைக் கூட்டும் பொத்தான், நடுப்பொத்தான், மின்பொத்தான் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் "வைப் கேஷ்" என்பது தற்காலிகக் குப்பையை மட்டும் நீக்கும். "வைப் டேட்டா" என்பதோ எல்லாவற்றையும் அழித்துவிடும். ஆகவே, இரண்டாவதை அவசரப்பட்டுத் தொடாதீர்கள்.

அப்போதும் எழவில்லையென்றால்தான் கணினி. மின்கலத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் மாடல் எண்ணைப் பாருங்கள். எஸ்.எம்.-ஜி532ஜி என்றால், கடைசி எழுத்துவரை அதே எண்ணுக்குரிய கோப்பே வேண்டும். அதே பெயரில் எம் என்று முடியும் தொலைபேசியும் உண்டு. அதன் கோப்பு இதற்கு ஆகாது. மின்கலத்தில் பாதிக்கு மேல் மின்சாரம் இருக்கட்டும். சிம் அட்டையையும் நினைவட்டையையும் கழற்றி வைத்துவிடுங்கள். நினைவட்டையில் உள்ள படங்களுக்கு இதனால் எந்தக் கேடும் வராது.

விண்டோஸ் கணினியில் சாம்சங்கின் யு.எஸ்.பி. டிரைவர் இருக்க வேண்டும். எழுதும் வேலையைச் செய்யும் மென்பொருளின் பெயர் ஓடின். பழுதுபார்ப்போருக்காக உண்டான கருவி இது. சாம்சங் இதைப் பொதுமக்களுக்கு வழங்குவதில்லை. ஆகவே இணையத்தில் கண்ட இடத்தில் எடுத்தால் கூடவே கிருமியும் வரலாம். விவரம் தெரிந்தவரைக் கேட்டு எடுப்பதே நல்லது.

தொலைபேசியை அணைத்து, இம்முறை ஒலியைக் குறைக்கும் பொத்தான், நடுப்பொத்தான், மின்பொத்தான் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எச்சரிக்கை ஒன்று தோன்றும். ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தினால் தொலைபேசி கோப்பைப் பெறத் தயாராகும். கம்பியால் கணினியோடு இணைத்தால், ஓடினில் ஒரு கட்டம் நிறம் மாறும். கோப்பு ஒன்றே என்றால் ஏ.பி. என்ற இடத்தில் வையுங்கள். பல துண்டுகள் என்றால் அதனதன் பெயருள்ள இடத்தில் வையுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சி.எஸ்.சி. என்று தொடங்கும் துண்டு உங்கள் படங்களை அழித்துவிடும். ஹோம் சி.எஸ்.சி. என்று தொடங்கும் துண்டும் இருந்தால், அது அவற்றை விட்டுவைக்கும். பால் வெட்டும்போது பட்டையை மட்டும் சீவி மரத்தைக் காயப்படுத்தாமல் விடுகிறோமே, அதைப் போன்றது இரண்டாவது. முதலில் அதையே முயன்று பாருங்கள். ரீ-பார்ட்டிஷன் என்ற கட்டத்தில் அடையாளமிடாதீர்கள். அது அறைகளின் சுவரையே மாற்றிக் கட்டுவதாகும்.

பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்திவிட்டுக் கம்பியைத் தொடாமல் இருங்கள். பச்சை நிறத்தில் பாஸ் என்று வந்தால் வெற்றி. முதல் முறை எழுவதற்குப் பல நிமிடங்கள் ஆகும், பொறுத்திருங்கள். சிவப்பு நிறத்தில் ஃபெயில் என்று வந்தால் பயப்பட வேண்டாம். வேறு கம்பி, கணினியின் வேறு துளை, இவற்றைப் பயன்படுத்தி மறுபடியும் முயலலாம். தொலைபேசியில் இருந்ததைவிடப் பழைய பதிப்பைப் போட்டாலும் அது மறுக்கக்கூடும்.

எழுந்த தொலைபேசி, நினைவு அழிக்கப்பட்டிருந்தால், முன்பு பயன்படுத்திய கூகுள் கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்கலாம். திருடன் பயன்படுத்தாமல் இருப்பதற்காக, 2015-இல் வெளிவந்த ஆண்டிராய்டு 5.1 முதல் உள்ள பாதுகாப்பு இது. கடையில் யாரோ திறந்து கொடுத்த கணக்கு, கடவுச்சொல் யாருக்கும் தெரியாது என்றால், சொந்தக்காரரே வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயிர் பெற்றுவிட்டது என்பதற்காகப் பழைய தொலைபேசி புதியதாகிவிடாது. அதற்குரிய பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்று பல ஆண்டுகளாகிவிட்டன. பிள்ளைகள் பாடம் பார்க்கட்டும், பாட்டு கேட்கட்டும். வங்கிக் கணக்கை மட்டும் அதில் வைக்காதீர்கள்.

நேயர்களே, தொலைபேசியைக் கடையில் மறுபடியும் வாங்கலாம். மறைந்துபோன பாட்டியின் குரலையும், தங்கையின் திருமணப் படத்தையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. சின்னத்தில் நின்றுபோன பிறகு அவற்றை வெளியே எடுப்பது மிகக் கடினம். ஆகவே, தொலைபேசி நன்றாக இருக்கும்போதே, இன்று இரவே இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். படங்களை நினைவட்டையிலோ கணினியிலோ ஒரு படி எடுத்து வையுங்கள். கூகுள் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, பிறப்புப் பத்திரங்களோடு பத்திரப்படுத்துங்கள். இவ்விரண்டும் இருந்தால், எந்தத் தொலைபேசி நின்றாலும் உங்கள் வீட்டில் பெரிய இழப்பு இராது.