ஒரு சாண் காகிதம்



ரேடார் என்றால் எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கிற கருவி. அவ்வளவுதான் நமக்குத் தெரியும். அந்தக் கருவியின் கண்ணைக் கட்டவும் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. மின்னணுப் போர் என்கிறார்கள். அந்த வேலையைச் செய்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஜோன் கர்ரன். 1916இல் வேல்ஸில் ஸ்வான்சீயில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்தார், பரீட்சை எழுதினார், தேறினார். முறையான பட்டம் தரவில்லை. ஏன்? பெண். 1948 வரைக்கும் அங்கே அப்படித்தான். படிக்கலாம், தேறலாம், பட்டம் மட்டும் கேட்கக் கூடாது. இந்த நியாயம் நமக்குப் புதுசா என்ன?

யுத்தம் வந்ததும் அதே பெண்ணின் மூளை தேவைப்பட்டது. பிரிட்டிஷ் அரசின் ரேடார் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் ரேடார் 53 செ.மீ. அலைநீளத்தில் இயங்கியது. அலைநீளத்தில் பாதி அளவுக்கு ஒரு உலோகத் துண்டு இருந்தால், அது அலையை நன்றாகத் திருப்பியடிக்கும். என்ன வடிவம், என்ன அளவு என்று 1942இல் ஜோன் சோதித்துப் பார்த்தார். கடைசியில் நின்றது ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான கீற்று. 27 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம். கறுப்புக் காகிதம், ஒரு பக்கம் அலுமினியம். கட்டுக்கு 2,200 கீற்று. நோட்டுக் கட்டு எண்ணியே பிழைக்கிறவன் நான், இந்தக் கணக்கு மனசில் ஒட்டிக்கொண்டது. நிமிஷத்துக்கு ஒரு கட்டு விமானத்திலிருந்து தள்ளினால் போதும். ரேடார் திரை முழுக்கப் பொய் விமானங்கள்.

உடனே பயன்படுத்தினார்களா? இல்லை. ஓராண்டுக்கு மேல் பூட்டி வைத்தார்கள். நாம போட்டா அவனும் போடுவானே என்கிற பயம். வேடிக்கை என்னவென்றால் ஜெர்மன்காரனிடமும் இதே சரக்கு இருந்தது. அவனும் இதே பயத்தில் மூடி வைத்திருந்தான்.

1943 ஜூலை 24 இரவு, ஹாம்பர்க். 791 விமானங்கள் கிளம்பின. திரும்பாதவை 12தான். தேடுவிளக்குகள் திசை தெரியாமல் வானத்தைத் துழாவின. விமானத்துக்கு ஏழு பேர் என்று வைத்துக்கொண்டால் எத்தனை பையன்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள், பாருங்கள். இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மூன்று நாள் கழித்து அதே கீற்றின் மறைவில் வந்து போட்ட குண்டுகளில் நெருப்புப் புயல் கிளம்பியது. எரிந்தது எது? ஹாமர்புரூக், ஹாம். தொழிலாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிகள். அந்த ஒரு வாரத்துக்குள் நகரத்தில் செத்தவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். பிணம் அள்ள நாய்யன்காமே வதைமுகாமிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்தார்கள். பிணம் அள்ள யாரைக் கூப்பிடுவது என்பதில் எந்த அதிகாரத்துக்கும் குழப்பமே வருவதில்லை.

எதிரே இருந்தது நாஜி அரசு, மறக்க வேண்டாம். குண்டு எங்கே விழணும் என்பதை முடிவு செய்த மேசையில் ஜோன் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் கையில் இருந்தது அளவுகோல். ஆனால் அந்த அளவு சரியாக இருந்ததால்தான் விமானம் அந்தத் தெரு வரைக்கும் போனது. இரண்டையும் சேர்த்தே வைத்துப் பேச வேண்டும் என்பது என் கட்சி. இதே கீற்றை 1944 ஜூனில் கடல் மேல் தூவி, இல்லாத கப்பல் படையை ரேடாரில் காட்டி ஏமாற்றினார்கள். அதில் எந்தக் குடிசையும் எரியவில்லை.

யுத்தத்துக்குப் பிறகு கணவர் சாமுவேல் கர்ரன் 'சர்' ஆனார், கிளாஸ்கோவில் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அந்தப் பல்கலைக்கழகம்தான் 1987இல் ஜோனுக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. அப்போது அவர் எழுபதைத் தாண்டியிருந்தார்.