வேகம் காரிலா, காலிலா?

('நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றது புதிய சின்னக் காரே! பழைய வேகக் காரே!' என்ற பட்டிமன்றத்தில், 'பழைய வேகக் காரே' என்ற அணியில் பேசியது.)

நான் எழுந்து வந்ததுமே பிரேக்கில் கால் வைத்தது மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தாரே!

நடுவர் அவர்களே, நம்ம ஊர்ல ஒருத்தர் கார் வாங்கினா நாலு பேர் கேக்குற கேள்வி நாலு. அப்பா கேப்பார், "என்ன விலை?" அம்மா கேப்பாங்க, "என்ன கலர்?" மாமனார் கேப்பார், "எவ்வளவு குடுக்கும்?" பையன் மட்டும் கேப்பான், "எவ்வளவு போகும்?" (சிரிப்பு) இந்த நாலு கேள்விக்கும் ஒரே பதிலாக ஒரு வண்டி இருக்கிறது என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

வேகக் கார் என்றதும் எதிரணித் தலைவர் என்னவோ ராக்கெட்டைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினமாதிரி பயந்துட்டார். ஐயா, இதுக்கு 'ஹாட் ஹேட்ச்' என்று பேர். பின்கதவைத் தூக்கினால் டிக்கி திறக்கும் சாதாரணக் குடும்பக் கார்தான். 1976-இல் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி 'கோல்ஃப் ஜி.டி.ஐ.' என்று ஒரு கார் கொண்டுவந்தது. வீட்டுக்கு வாங்குகிற கோல்ஃப் கார்தான். அதில் 110 குதிரைச் சக்தி உள்ள எஞ்சினை வைத்தார்கள். 5,000 வண்டி விற்றால் போதும் என்று நினைத்தார்கள். முதல் தலைமுறை மட்டும் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் விற்றது! யார் வாங்கினது? பந்தயக்காரனா? அவ்வளவு பந்தயக்காரன் உலகத்துலயே கிடையாதே! (கைதட்டல்) வாங்கினது குடும்பஸ்தன். ஒரே வண்டியில் காய்கறியும் வரணும், கொஞ்சம் சந்தோஷமும் வரணும் என்று நினைத்த குடும்பஸ்தன்.

நம்ம நாட்டுக்கு வாங்க. 2013-இல் 'போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.' வந்தது. 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 105 குதிரைச் சக்தி. விலை எட்டு லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைவு, டெல்லி ஷோரூம் விலை. 2018-இல் நம்ம கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடாவோடு சேர்ந்து 'டியாகோ ஜே.டி.பி.' கொண்டுவந்தது. 85 குதிரை இருந்த இடத்தில் 114 குதிரை! ஆறு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம். இரண்டும் இப்போது புதுசாக வருவதில்லை. பழசாகத்தான் வாங்க முடியும். அன்றைக்கு எட்டு லட்சத்தை எட்டிப் பார்க்க முடியாத குடும்பம், இன்றைக்கு அதில் பாதியைச் சுற்றி வாங்க முடியும் என்றால், அது தப்பா நடுவர் அவர்களே?

எதிரணியில் பேசிய அம்மா சொன்னாங்க, "வேகம் ஆளைக் கொல்லும்." தலை வணங்கி ஒத்துக்கொள்கிறேன். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நாலு மடங்காகும். அது விஞ்ஞானம், அதோடு யாரும் வாதாட முடியாது. ஆனால் அம்மா, 67 குதிரைச் சக்தி காரும் மணிக்கு நூறைத் தாண்டும். சாவதற்கு அந்த வேகம் போதும். அப்போ பிரச்சினை எஞ்சினிலா இருக்கிறது? ஆக்சிலேட்டரை மிதிக்கிற காலில் இருக்கிறது! (பலத்த கைதட்டல்)

சக்தி வேறு, வேகம் வேறு. இதைப் புரிந்துகொள்ளணும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. அஞ்சு பேர், பின்னால பலகாரத் தூக்கு, ஏ.சி. ஓடுது. சின்ன எஞ்சின் கார் என்ன பண்ணும்? ஏ.சி.யை அமர்த்தச் சொல்லும். அப்புறம் மாமியாரை இறங்கச் சொல்லும்! (சிரிப்பு) இருவழிச் சாலையில் லாரியை முந்தணும். எதிர்ப்பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு வினாடியும் உயிருக்கு ஆபத்தான வினாடி. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறோம். நல்ல இழுவை உள்ள வண்டி மூன்று வினாடி மிச்சம் பண்ணினால், அது 66 மீட்டர். எதிரே வருகிற பஸ்ஸுக்கும் நமக்கும் நடுவில் 66 மீட்டர்! அந்த 66 மீட்டரில் ஒரு குடும்பமே பிழைத்துக்கொள்ளலாம் நடுவர் அவர்களே.

இன்னொன்று. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு நம்ம ஊர் கார்களை மோத விட்டுச் சோதித்தது. காற்றுப்பை இல்லாத போலோவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம். அதே கார், இரண்டு காற்றுப்பை வைத்ததும் 4 நட்சத்திரம்! இரண்டு காற்றுப்பையை எல்லா வண்டிக்கும் கட்டாயமாக்க நம்ம நாட்டில் 2021 ஆச்சு. ஆனால் 2013-இல் வந்த அந்த வேக போலோவில், காற்றுப்பை இரண்டும், ஏ.பி.எஸ்.ஸும், வண்டி வழுக்கினால் தானாக நேராக்கும் இ.எஸ்.பி.யும் சேர்ந்தே வந்தது. வேகமாப் போற வண்டிக்கு நல்ல பிரேக்கும் குடுத்தாகணுமே! அந்தப் பாதுகாப்பு அம்மாவுக்கும் குழந்தைக்கும் சேர்த்துத்தான் வேலை செய்யும்.

எதிரணி இளைஞர் கேட்டார், "இன்னைக்குப் புது சின்னக் கார்லயே ஆறு காற்றுப்பை வருதே, 2025 செப்டம்பர்ல ஜி.எஸ்.டி.யும் 28-லிருந்து 18 ஆச்சே?" நியாயமான கேள்வி. ஊருக்குள்ளயே பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில் என்று ஓட்டுகிறவர்கள் தாராளமாக அதை வாங்குங்கள், வாழ்த்துகிறேன். ஆனால் மாசத்துக்கு ரெண்டு தடவை சொந்த ஊருக்குப் போகிற குடும்பம், மலை ஏறுகிற குடும்பம், நெடுஞ்சாலையில் வாழ்கிற குடும்பம், அதுக்கு இழுவை வேணும்.

அடுத்து "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்றார்கள். அதுக்குத்தான் வருகிறேன். முதலில் இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டணம் குதிரைச் சக்தியைப் பார்த்துப் போடுவதில்லை, சி.சி.யைப் பார்த்துப் போடுவது. 1,000 சி.சி.க்கு மேல் 1,500 வரைக்கும் ஒரே கட்டணம். 2022-இல் அறிவித்தது 3,416 ரூபாய். பக்கத்து வீட்டுச் சாதாரண 1.2 லிட்டர் காருக்கு எவ்வளவோ, இதுக்கும் அவ்வளவுதான். குதிரை இலவசம்! (சிரிப்பு)

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். இந்த வண்டிக்கு டயர், பிரேக், ஆயில் எல்லாம் விலை கூடத்தான். அதனால் கையில் அஞ்சு லட்சம் இருந்தால் அஞ்சு லட்சத்துக்கும் கார் வாங்காதீங்க. நாலுக்கு வாங்குங்க, ஒரு லட்சத்தை அந்த வண்டிக்குன்னே தனியா வையுங்க. யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கடன் வாங்கக் கூடாது.

நம்ம தாத்தா சந்தையில் மாடு எப்படி வாங்கினார்? கொம்புக்குப் பூசின வர்ணத்தைப் பார்த்தா வாங்கினார்? பல்லைப் பிடித்துப் பார்த்தார், சுழியைப் பார்த்தார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்த்தார். அதே வித்தைதான் இதுக்கும். டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்த டயர். அதுதான் பல்! காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. நீங்க போறதுக்கு முன்னாலேயே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்க. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்க. தானியங்கி கியர் என்றால் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து பாருங்க. குலுங்கினால் வேண்டாம், அந்த இரட்டை கிளட்ச் ரிப்பேர் செலவு ரொம்பப் பெரிசு. முக்கியமா, முன்னால் வைத்திருந்த தம்பி கம்ப்யூட்டரை மாற்றிச் சக்தியைக் கூட்டி ஓட்டினாரா என்று நல்ல மெக்கானிக்கை வைத்துப் பாருங்க. கம்பெனி குடுத்த குதிரை போதும். கள்ளக் குதிரை வேண்டாம்! (கைதட்டல்)

அப்புறம் காகிதம். ஆர்.சி. புக்கில் இருக்கிற சேஸிஸ் நம்பரும் வண்டியில் இருக்கிறதும் ஒண்ணா? கடன் இருந்தால் அது தீர்ந்து, பேர் நீக்கப்பட்டதா? பழைய அபராதம் பாக்கி இருக்கா? படிவம் 29, 30 கையெழுத்தாச்சா? இன்சூரன்ஸை 14 நாளைக்குள் உங்க பேருக்கு மாற்ற விண்ணப்பிங்க. பழையவரின் 'நோ கிளெய்ம்' சலுகை அவரோடு போய்விடும், அது உங்களுக்கு வராது. இதையெல்லாம் பார்த்து வாங்கினால் சுமைகூலி பாதியாகக் குறையும்.

கடைசியாக, நடுவர் அவர்களே, இந்தத் தலைப்பின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? இன்றைக்கும் எத்தனை வீட்டில் ஒரே ஸ்கூட்டரில் நாலு பேர் போகிறார்கள்! முன்னால் நிற்கிற குழந்தை தூக்கத்தில் ஹேண்டில்பாரில் சாய்கிறது. பின்னால் உட்கார்ந்த தாய் ஒரு கையில் கைக்குழந்தையையும் ஒரு கையில் புருஷன் சட்டையையும் பிடித்திருக்கிறாள். மழை வந்தால் பாலத்துக்கு அடியில் நிற்கிறார்கள். அந்த அப்பாவுக்கு ஒரு ஆசை இருக்கக் கூடாதா? கல்யாணத்துக்கு முன்னால் சுவரில் கார் படம் ஒட்டி வைத்திருந்த பையன்தானே அவன்! பீஸ் கட்டி, வாடகை கட்டி, தன் ஆசையை மட்டும் மடித்துப் பீரோவில் வைத்துவிட்டானே! பழைய விலைக்கு அவன் ஆசையும் வீட்டின் தேவையும் ஒரே வண்டியில் வருகிறது என்றால், அதை ஆடம்பரம் என்று சொல்லலாமா? (கைதட்டல்)

ஆனால் அந்த அப்பாவுக்கும் ஒரு நிபந்தனை. சாவி வாங்குகிற அன்றைக்கே, பின் சீட்டிலும் எல்லாரும் பெல்ட் போடணும் என்று சட்டம் போடு. லைசென்ஸ் வாங்காத மகன் கைக்கு அந்தச் சாவி போகக் கூடாது. கார் வாங்கலாமா என்று மனைவியிடம் வாங்கினதுக்கு அப்புறம் கேட்காதே, வாங்குறதுக்கு முன்னால் கேள்! (சிரிப்பு)

நல்ல டிரைவர் யார் என்று கேட்டால் நான் மீட்டரைப் பார்க்க மாட்டேன், பின் சீட்டைப் பார்ப்பேன். மலைப்பாதையில் அந்தக் குழந்தை அம்மா மடியில் தூங்கிக்கொண்டே வருகிறதா? எழுபது வளைவுக்கும் அந்தத் தூக்கம் கலையவில்லையா? அவன்தான் டிரைவர், அதுதான் குடும்பக் கார். அந்தத் தூக்கத்தைக் கலைக்காமல் ஏறுவதற்குத்தான் அத்தனை குதிரையும் வேண்டும் என்று சொல்லி, பழைய வேகக் காருக்கே நல்ல தீர்ப்புத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.