கண்ணின் தூய்மையும் இல்லத்தின் காவலும்

(யூபிலி விழாவையொட்டிப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் இறைவனுக்கு நன்றி கூற நமக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆயினும் வெட்கத்தால் நாம் வாய்திறவாத ஒரு காரியத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். அது ஆபாசப் படங்களைப் பார்க்கும் பழக்கம்.

முன்பு அது நகரத்துக் கொட்டகையிலும் பெட்டிக்கடை மஞ்சள் பத்திரிகையிலும் இருந்தது. போகிறவன், யார் கண்ணிலாவது படுவோமோ என்று அஞ்சினான். இன்றோ கைப்பேசி வழியாக நம் தலைமாட்டுக்கே வந்துவிட்டது.

திருச்சபை இதில் மௌனமாய் இருக்கவில்லை. 1936-ல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் திரைப்படங்களைக் குறித்துச் சுற்றுமடல் எழுதினார். 1989-ல் வத்திக்கான், ஊடகங்களில் ஆபாசமும் வன்முறையும் பற்றித் தனி ஏடே வெளியிட்டது. 1992-ல் வந்த மறைக்கல்வி ஏடு இதைக் கனமான குற்றம் என்கிறது. நடிப்பவர், விற்பவர், பார்ப்பவர் அனைவரின் மாண்பும் இதனால் காயப்படுகிறது என்பதே காரணம். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2022-ல் குருக்களிடமும் குருமாணவரிடமும் பேசுகையில், குருக்களும் கன்னியரும்கூட இதில் விழுகிறார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார். ஆகவே, யாரும் யாரையும் பார்த்துக் கல்லெறிய இடமில்லை.

நம்மிடையே ஒரு தகப்பனார், மகனின் கைப்பேசியில் அப்படங்களைக் கண்டு அவனை அடித்தார். கைப்பேசியைக் கல்லில் உடைத்தார். பையன் பழக்கத்தை விட்டானா? இல்லை. நண்பனின் கைப்பேசியில் பார்த்தான். ஓராண்டுக் காலம் பாவசங்கீர்த்தனமும் செய்யவில்லை, நன்மையும் வாங்கவில்லை. பின்னொரு நாள் தகப்பனார் நம்மிடம் கண்ணீரோடு சொன்னார்: "அவனை அடிச்ச அன்னைக்கு என் போன்லயும் அதுதான் இருந்துச்சு." அவர் முதலில் தம் பாவத்தை அறிக்கையிட்டார், பிறகு மகனிடம் உண்மையைச் சொன்னார். அடுத்த ஞாயிறு இருவரும் சேர்ந்தே நன்மை வாங்கினார்கள்.

நம் மணிமுத்தாறு அணையைப் பாருங்கள். 118 அடி நீரைத் தாங்கும் அந்த அணை, ஆற்றைப் பகைத்துக் கட்டியதல்ல. மதகு வழியே வயலுக்கு விடுவதற்காகவே கட்டியது. ஆசையும் இறைவன் தந்த ஆறுதான். அது திருமணம் என்னும் வாய்க்காலில் ஓடினால் விளைச்சல். கரையை உடைத்தால் அழிவு. இதைச் சொல்லிக் கொடுக்காமல் "பார்க்காதே" என்று மட்டும் அதட்டினால், மதகில்லாத அணையைக் கட்டியவர்களாவோம்.

ஆகவே, மூன்று காரியங்களைச் செய்வோம். இரவு ஜெபமாலை முடிந்ததும் வீட்டார் அனைவரின் கைப்பேசியும், நம்முடையதும் சேர்த்து, கூடத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்வோம். விழுந்தவர் எழ, பாவசங்கீர்த்தனத் தொட்டியின் கதவு திறந்தே இருக்கிறதென்று நினைவூட்டுவோம்.

சிறுவர் சிறுமியரை இழிவாகக் காட்டும் படங்களோ வெறும் பாவம் மட்டுமல்ல. அவற்றை வேண்டுமென்றே பார்ப்பதும் வைத்திருப்பதும் போக்சோ சட்டப்படி குற்றம் என்று 2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நம் பிள்ளை ஒன்றை யாராவது அவ்வாறு மிரட்டினால், மானம் போகுமென்று மறைக்காமல் 1098-க்குச் சொல்லுங்கள்.

தூய கண்ணுடைய இல்லங்களே இந்த யூபிலிக்கு நாம் வைக்கும் காணிக்கையாகட்டும். தேவதாய் நம் இல்லங்களைக் காப்பாராக.