பகடை உருளும் முன் ஒரு கணக்கு
(வட்டார அளவிலான கணித ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் நிகழ்தகவுப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறோம். ‘இரண்டு சீரான பகடைகள் உருட்டப்படுகின்றன’ என்று கணக்குத் தொடங்கியதுமே மாணவர்கள் 36 விளைவுகளையும் எழுதிவிடுவார்கள். வேண்டியதை எண்ணிப் பின்னமாக்குவார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அதே மாணவரிடம், “நாலு தடவை தொடர்ந்து ஆறு விழுந்தாச்சு, அடுத்த தடவை என்ன ஆகும்?” என்று கேட்டுப் பாருங்கள். “இனிமே ஆறு விழாது சார்” என்பார். நோட்டில் சரியாகப் போட்ட கணக்கை அவர் இன்னும் நம்பத் தொடங்கவில்லை என்று பொருள். அந்த நம்பிக்கையை வளர்க்க உதவும் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

விளையாட்டின் பெயர் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கியது, 1974-இல் வெளிவந்தது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள்: வீரன், மந்திரவாதி, திருடன் என்று. “நான் பள்ளத்தைத் தாண்டுகிறேன்” என்று ஒருவர் சொன்னால் மட்டும் போதாது. இன்று விளையாடப்படும் முறையில், அவர் 20 முகங்கள் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை இலக்கை எட்டினால் தாண்டிவிட்டார். இல்லையென்றால் கதை வேறு பக்கம் திரும்பும்.

இதில் 4, 6, 8, 12, 20 முகப் பகடைகள் பயன்படுகின்றன. வடிவியலில் வரும் ஐந்து ஒழுங்குத் திண்மங்களும் இவைதாம். கைகாக்ஸ் தொடக்கத்தில் இந்தப் பகடைகளைப் பள்ளிகளுக்குக் கற்பித்தல் கருவிகள் விற்கும் நிறுவனத்தின் விலைப்பட்டியலைப் பார்த்துத்தான் வாங்கினார். வகுப்பறைக்காகச் செய்த பொருள்தான் அங்கே போயிருக்கிறது. அதை நாம் திரும்பக் கொண்டுவருவதில் தவறில்லை.

இதிலுள்ள கணிதத்துக்கு மூன்று எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

முதலாவது, பரவல். ஒரு பாத்திரத்தின் வலிமை, அறிவு போன்ற திறன்களை முடிவு செய்யும் பழைய முறை, மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டுவது. இதன் சராசரி 10.5. ஒற்றை 20 முகப் பகடையின் சராசரியும் 10.5 தான். ஆனால் 20 முகப் பகடையில் 18 விழ வாய்ப்பு 20-இல் 1. மூன்று பகடைகளில் 18 கிடைக்க 216-இல் 1. 10 கிடைக்கவோ 27 வழிகள் உண்டு. முதல் n இயல் எண்களின் திட்டவிலக்கச் சூத்திரத்தில் n = 20 என்று போட்டால் சுமார் 5.77 வருகிறது. மூன்று பகடைகளின் கூடுதலுக்கு அது சுமார் 2.96. “சராசரி ஒன்றுதானே, திட்டவிலக்கம் எதற்கு?” என்று கேட்கும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, நிரப்பு நிகழ்ச்சி. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், சாதகமான சூழலில் இருப்பவர் 20 முகப் பகடையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. 11 அல்லது அதற்கு மேல் தேவை என்றால், ஒருமுறை உருட்டும்போது வாய்ப்பு 50 விழுக்காடு. இருமுறையும் தவற வாய்ப்பு ½ × ½ = ¼. ஆகவே வெற்றி வாய்ப்பு 75 விழுக்காடு. 20 மட்டுமே தேவை என்றால் 5 விழுக்காடு 9.75 ஆகிறது. ஒரே விதி ஓரிடத்தில் 25 புள்ளிகள் கூட்டுகிறது, இன்னோரிடத்தில் 5 புள்ளிகூடக் கூட்டவில்லை. ஏன் என்று மாணவர்களையே கேளுங்கள்.

மூன்றாவது, முடிவெடுத்தல். எண்களை வசதிக்காக நானே வைத்துக்கொள்கிறேன். வாள் 60 விழுக்காடு படும். பட்டால் 8 முகப் பகடை அளவு சேதம். கோடரி 40 விழுக்காடுதான் படும். பட்டால் 12 முகப் பகடை அளவு சேதம். சராசரி சேதம் வாளுக்கு 0.6 × 4.5 = 2.7; கோடரிக்கு 0.4 × 6.5 = 2.6. ஏறக்குறைய சமம். ஆனால் எதிரிக்கு 3 புள்ளி உயிரே மிச்சம் என்றால், ஒரே அடியில் வீழ்த்த வாளுக்கு 45 விழுக்காடு வாய்ப்பு, கோடரிக்கு 33. மிச்சம் 9 என்றால் வாளால் ஒரே அடியில் முடியவே முடியாது. கோடரிக்கு 13 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. எந்த ஆயுதம் நல்லது என்பது நமக்கு அப்போது என்ன தேவை என்பதைப் பொறுத்தது.

20 முகப் பகடைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். என் வகுப்பில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குகிறோம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டாக வேண்டும்; போடாவிட்டால் கூறுவெளியே மாறிவிடும். அதுவே ஒரு பாடம். கதை நம் ஊர்க் கதை: வெள்ளத்தில் பாலம் போய்விட்டது, அக்கரைக்கு மருந்து கொண்டுபோக வேண்டும். ஒரு குழு நான்குமுறை தொடர்ந்து தோற்றது. “இந்தத் தடவை கட்டாயம் வரும்” என்று ஒரு பையன் ஆற்றில் இறங்கத் துடித்தான். பக்கத்திலிருந்த மாணவி, “போன தடவை என்ன வந்துச்சுன்னு சீட்டுக்கு எப்படிடா தெரியும்?” என்றாள். நான் பத்து நிமிடம் விளக்கியிருந்தாலும் அது இவ்வளவு பதிந்திருக்காது.

பகடை, சீட்டு என்றால் சூதாட்டம் ஆகிவிடாதா என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்வி. இதில் பணயம் கிடையாது. இழப்பது கதைக்குள் மட்டுமே. தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை 2003-இல் தடை செய்யப்பட்டது. ஆனாலும், ‘இவ்வளவு விட்டாச்சு, அடுத்த ஆட்டத்தில் திரும்ப வந்துவிடும்’ என்று ஆசை காட்டும் விளையாட்டுகள் இன்று கைப்பேசிக்குள் வந்துவிடுகின்றன. அந்தப் பேச்சை நம்பாத பிள்ளையாக ஒருவர் வளர வேண்டும் என்றால், பணம் போகாத இடத்தில் அவர் சிலமுறை தோற்றுப் பார்ப்பது நல்லது.

நிகழ்தகவுப் பாடத்திற்கு ஒதுக்கும் பாடவேளைகளில் இரண்டை மட்டும் இதற்குக் கொடுத்துப் பாருங்கள். சீட்டை எடுக்கும் முன் ஒவ்வொரு குழுவும் தன் வாய்ப்பைக் கரும்பலகையில் எழுதியே ஆக வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.