தாழ்ந்த சுருதிக்கு மெல்லிய மூச்சு

'மவுத் ஆர்கன்' என்றதும் சன்னமான, துள்ளலான ஒலிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே 10 துளைகளுடன், ஒரு ஸ்தாயி இறங்கி ஒலிக்கும் வகையும் உண்டு.

வழக்கமான 'சி' சுருதி வாத்தியத்தின் முதல் துளையில் ஊதினால், உள்ளிருக்கும் உலோக நாக்கு வினாடிக்குச் சுமார் 262 முறை அதிரும். 'லோ சி' வாத்தியத்தில் அது சுமார் 131 முறைதான். இதற்காக நாக்கின் நுனியில் கனம் கூட்டப்படுகிறது. கனத்த நாக்கு சற்றுத் தாமதித்தே அசையும். அசைந்தால் அகலமாக ஆடும்.

புதிதாக வாங்குபவர் தடுமாறுவது இங்கேதான். ஒலி வரவில்லையே என்று பலமாக ஊதுவார். நாக்கு திணறி நிற்கும். அல்லது மூடித் தகட்டில் தட்டிக் கரகரக்கும். ஜெர்மனியின் ஹோனர் நிறுவனம் 'தண்டர்பேர்ட்' வகையின் கீழ்த்தகட்டைக் கூம்பு வடிவில் அமைத்ததே இந்த உரசலைத் தவிர்க்கத்தான்.

பழுதான சரக்கு என்று முடிவு கட்டுமுன் இப்படிச் சோதியுங்கள். முதல் நாளே பாட்டு வேண்டாம். தோள்களைத் தளர்த்தி, கண்ணாடியில் ஆவி படியவிடுவதுபோல் மெதுவாக ஊதுங்கள். முதல் மூன்று துளைகளிலும், ஊதியும் உறிஞ்சியும், ஒவ்வொரு சுரத்தையும் நீட்டிப் பிடியுங்கள். அப்படியும் ஒரு துளை ஒலிக்காவிட்டால், கடைக்காரரிடம் காட்டலாம்.

முரட்டு மூச்சு நாக்கின் ஆயுளையும் குறைக்கும். கொடுத்த காசும் வீணாகும். ஆகவே, இந்த வாத்தியத்துக்குத் தேவை பலமல்ல, பொறுமை.