கருணை போதாது, அதிகாரம் வேண்டும்

(வடமராட்சிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை சுமத்திராத் தீவின் அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. அவ்வதிர்ச்சி எழுப்பிய பேரலை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நம் கரையை எட்டிற்று. அவ்விடைவேளையில் மணற்காட்டுக்கோ உடுத்துறைக்கோ எச்சரிக்கை எதுவும் வந்து சேரவில்லை. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. அலைக்குச் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமில்லை. பேதம் பின்னரே வந்தது, கோப்புகளோடு வந்தது.

இயற்கையின் சீற்றத்தை எந்த அரசும் தடுக்க இயலாது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். அழிந்த ஊரை எவர் கட்டுவது, பணத்தை எவர் ஒதுக்குவது, எவர் கணக்குக் காட்டுவது என்பதே நமது வினா.

கடலிலிருந்து தெற்கிலே 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாதென்று கொழும்பு விதித்தது. ஒரே அலைக்கு இரண்டு அளவுகோல்! வள்ளமும் வலையும் வாடியும் கரையிலிருக்க, மீனவன் உள்ளே குடியிருந்து பிழைப்பது எவ்வாறு? அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. ஆயினும் கொட்டில்களில் கழிந்த மாதங்களை மக்களுக்குத் திருப்பித் தந்தவர் எவர்?

2005 ஜூன் 24ஆம் நாள் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் நிவாரணப் பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. யாழ்ப்பாணம் முதல் அம்பாறை வரை ஆறு மாவட்டங்களின் புனரமைப்பை அரசு, புலிகள், முஸ்லிம் மக்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் கூடி முடிவு செய்வதே அதன் நோக்கம். முஸ்லிம் மக்களைக் கையொப்பமிடும் தரப்பாகச் சேர்க்காமை குறையே. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் எதிர்த்தவர்கள் குறையைத் திருத்த வரவில்லை. கட்டமைப்பையே குலைக்க வந்தார்கள். மக்கள் விடுதலை முன்னணி அரசாங்கத்தை விட்டு விலகியது. அதன் உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் ஏகினர். ஜூலை 15ஆம் நாள், பிராந்திய நிதியம் உட்பட முக்கிய பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை பிறந்தது. கட்டமைப்பு தொட்டிலிலேயே மடிந்தது.

அதே பேரலையால் நம்மைக் காட்டிலும் பேரழிவுற்ற ஆச்சேயைப் பாருங்கள். ஆச்சேயையும் நியாஸ் தீவையும் மீளக் கட்டுவதற்கென 2005 ஏப்ரலில் இந்தோனேசியா தனி நிறுவனம் ஒன்றை அமைத்தது. அதன் தலைமையகம் ஜகார்த்தாவில் அன்று, பண்டா ஆச்சேயிலேயே அமைந்தது. ஆகஸ்ட் 15ஆம் நாள் ஹெல்சிங்கியில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. மறு ஆண்டு ஆச்சேக்கு ஆட்சியுரிமைச் சட்டம் கிடைத்தது. அங்கே அழிவு சமாதானத்துக்கு வழி திறந்தது. இங்கோ போர் மீண்டும் மூண்டது.

அதிகாரம் ஊருக்கு அருகில் இருக்கவேண்டுமென்று நாம் கேட்பது வெறும் அரசியலன்று. உப்புப் புகுந்த கிணற்றை அடியோடு இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலெழும் என்பதைக் குடாநாட்டுக் கமக்காரன் அறிவான். தொலைவிலிருந்து வரும் சுற்றறிக்கை அறியாது.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் தேசிய சபையில் மாகாண முதலமைச்சர்களுக்கு இடமளித்தது. 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடைபெறவில்லை, நமது ஆசனம் வெறுமையாயிற்று. சட்டம் தந்ததைத் தேர்தலின்மை பறித்தது! ஆகவே நமது கோரிக்கை தெளிவானது: மக்கள் தெரிந்தெடுத்த மாகாண சபை வேண்டும், அதன் கையில் நிவாரண நிதி வேண்டும், அந்நிதியின் கணக்கு ஊரறிய வெளியிடப்படல் வேண்டும்.

அதுவரை நாம் கைகட்டி நிற்பதா? சட்டத்தரணிகள் கரையோரக் கிராமங்களுக்குச் சென்று காணி உறுதிகளைச் சீர்செய்யட்டும். பொறியியலாளரும் மருத்துவரும் ஊர்தோறும் ஒதுங்கும் வழியையும் தங்குமிடத்தையும் வகுக்கட்டும். கமக்காரர் விதைநெல்லில் ஒரு பங்கைச் சங்கக் களஞ்சியத்தில் ஒதுக்கட்டும். தன் கடமையைச் செய்த மக்களின் உரிமைக் குரலை எந்த அரசும் நெடுநாள் புறக்கணிக்க முடியாது.